அத்தை காருக்குப் போட்ட அட்டை

எங்கள் அத்தைக்கு மாதிரி கையில் இல்லாமல் எதையும் வாங்கத் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூட ரிப்பன் வாங்கப் போனால்கூடப் பழைய ரிப்பனில் ஒரு விரல் நீளம் வெட்டி எடுத்துக்கொண்டுதான் வருவார். கடைக்காரர் எடுத்துப் போடும் நீல ரிப்பன்களை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு தடவை, வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு தடவை. பிறகு இது ரெண்டு பாயிண்ட் கூடுதலாக இருக்கிறது என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். அந்த ரெண்டு பாயிண்ட் என்னவென்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் வெட்கத்தில் தெருவைப் பார்த்தபடி நிற்பேன்.

அவர் அப்பாவின் அக்கா. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தார். சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த காலணியும் கைத்தடியுமாக நடப்பார். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களுடனேயே இருந்தார். அப்பா வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். தினமும் காலையில் அத்தையை மொபெட்டில் ஏற்றி, கைத்தடியை முன்னால் குறுக்கே வைத்துக்கொண்டு, கம்பெனி வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் தன் வேலைக்குப் போவார். சாயங்காலம் அதேபோலத் திரும்பக் கூட்டி வருவார். பதினோரு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை என்று விசேஷ வீடுகளில் சொந்தக்காரர்கள் அப்பாவைப் புகழ்வார்கள். அப்பா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார். அத்தை அந்த நேரம் பார்த்து இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்தது என்றால் தானாக ஓடி வரவில்லை; டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது. அத்தையின் முதலாளியுடைய அப்பா காலத்துக் கறுப்பு அம்பாசிடர். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் இருக்கும் பழைய மாடல். கம்பெனிக்குப் பின்னால் பல வருடங்களாகக் கழிவுத்துணி மூட்டைகளைத் தலையில் சுமந்துகொண்டு நின்றது. அதை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே அத்தை முதலாளியின் அறைக்குப் போய்த் தனக்குத் தரும்படி கேட்டிருக்கிறார். அத்தனை வருட வேலையில் அத்தை வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம்.

வாசலில் வந்து நின்றபோது பின்சீட்டில் ஒரு பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. அம்மா பூனையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கடைசியாக அப்பாவைப் பார்த்தார். அப்பா அதைப் பிரித்து விற்றுவிடலாம் என்றுதான் நினைத்தார். தானே ஓட்டப்போவதாக அத்தை சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நா தெனமும் கொண்டுபோயி உடறனல்லங்கக்கா" என்றார்.

அத்தை காரின் பின்கதவைத் திறந்தார். அம்மா வேறு வழியில் வந்தார். அரசாங்கத்தில் கொடுக்கும் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு எழுதிப் போடலாமே, இந்த இரும்புக் குப்பையோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அத்தை பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அட்டைப்பெட்டிக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்:

"அதுல போனா எல்லாரும் என்ற காலைப் பாப்பாங்க சாமி. இதுல போனா காரைப் பாப்பாங்க."

அதற்குப் பிறகு அம்மா ஸ்கூட்டர் பேச்சை எடுக்கவில்லை.

பனியன் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஆர்டருக்குத் துணி வெட்டுவதற்கு முன்பே அதற்கு ஓர் அட்டை போட்டுவிடுவார்கள். அந்தச் சட்டையில் வரப்போகும் பொத்தான், நூல், லேபிள், எலாஸ்டிக் எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு அந்த அட்டையில் குத்தப்பட்டு, பக்கத்தில் ஒரு கையெழுத்து இருக்கும். அட்டையில் இல்லாத எதுவும் சட்டையில் ஏறக்கூடாது. அத்தை அந்த வாரக் கடைசியில் ஏற்றுமதிப் பெட்டி ஒன்றைப் பிரித்து, காருக்கு ஓர் அட்டை போட்டார். கதவு ரப்பரில் ஒரு துண்டு, ஒயரில் ஒரு துண்டு, சீட்டுத் துணியில் ஒரு துண்டு. போல்ட்டுகளை நூலால் கட்டித் தொங்கவிட்டார். கிடைக்காத பொருளுக்கு அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம். அட்டை என்னைவிட அகலமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சுமக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்பா, அத்தை, அட்டை, நான் என்று பஸ் ஏறிக் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போவோம்.

அந்தக் கடைக்காரர்கள் பார்க்காத வாடிக்கையாளர் இல்லை. ஆனால் அத்தையைப் போல ஒருவரை அவர்கள் பார்த்திருக்க நியாயமில்லை. பின்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. ஒரு பாய் கடையில் அதே அளவில் சிவப்புக் கண்ணாடி கிடைத்துவிட்டது. அப்பா பணப்பையைத் திறந்துவிட்டார். அத்தை உடையாத பக்கத்துக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து, இரண்டையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, புதியது ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது என்று வேண்டாமென்றுவிட்டார். ராத்திரியில் எரியும் விளக்கில் யாருங்க அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று பாய் கேட்டார். பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்றார் அத்தை. பாய் சிரிக்கவில்லை. உள்ளே போய் அரை மணி நேரம் தேடி, சரியான சிவப்பில் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது அட்டையைப் பார்ப்பதற்கென்று பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தார்.

கதவும் விளக்கும் இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இன்ஜினை அப்பா பார்த்துக்கொண்டார். நிட்டிங் மெஷினின் ஆயிரம் ஊசிகளோடு பழகியவருக்கு அது பெரிய காரியமாக இல்லை. ஆனால் இவையெல்லாம் எந்தக் காருக்கும் செய்வது. அத்தைக்கு ஆகவேண்டிய காரியம் வேறு. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் வலது கால் பார்த்துக்கொள்ளும். கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். அந்த மிதியைக் கைக்குக் கொண்டுவந்தால்தான் அது அத்தையின் கார்.

அப்பா முதலில் ஸ்கூட்டரின் கிளட்ச் பிடியைக் கியர் கம்பியில் மாட்டி, கேபிளால் இணைத்துக் கொடுத்தார். அத்தை இழுத்தார். பிடி பாதி தூரம்கூட வரவில்லை. நாள் முழுதும் உடம்பையே சுமக்கும் கால் அழுத்துகிற பாரத்தை நாலு விரல் எப்படித் தாங்கும்? ஒரு வாரம் விடாமல் இழுத்துப் பார்த்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. விட்டுவிடலாம் என்று அப்பா சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்த அளவுக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததாக இப்போது நினைக்கிறேன். அத்தை மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

அன்றைக்குத்தான் அவருக்கு வழி கிடைத்தது, அதுவும் அயர்ன் செய்யும் இடத்தில். கம்பெனியில் இஸ்திரி மேசைகளுக்கு அடியில் காற்றை உறிஞ்சும் மோட்டார் இருக்கும். சட்டையை மேசையில் விரித்துக் காலால் கட்டையை மிதித்தால் மேசை அதை அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்; ஒரு சுருக்கம் நகராது. பதினோரு வருடமாக அத்தை அதைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார். அன்று நின்று, வீங்கிய கையை மேசைமேல் வைத்து, இஸ்திரி மாஸ்டரைக் கட்டையை மிதிக்கச் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் மொபெட்டில் வரும்போதே, இன்ஜினும் காற்றை உறிஞ்சுமல்லவா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டாராம்.

உறிஞ்சத்தான் செய்கிறது. பிற்காலத்தில் வந்த கார்களில் பிரேக்கை லேசாக மிதித்தால் போதும் என்பதற்காகச் சட்டி போல ஒரு பாகம் உண்டு. பூஸ்டர் என்பார்கள். இன்ஜின் உறிஞ்சும் காற்றுதான் அதற்குப் பலம். அதைக் கிளட்சோடு கோத்துவிட்டால், கியர் கைப்பிடியில் ஒரு பொத்தானை அழுத்தினாலே போதும்; மிதிக்கிற வேலையைக் காற்று செய்துவிடும். ஆனால் எங்கள் காரின் உடம்பில் பொருந்தும் பூஸ்டர் எந்தக் காருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை யாரையும் கேட்கவும் இல்லை. கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுவது போல, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தடுப்பில் போல்ட் வரக்கூடிய இடங்களையெல்லாம் அட்டையில் வரைந்து கத்தரித்துக்கொண்டார். உக்கடத்தில் ஒவ்வொரு பூஸ்டரின் முகத்திலும் அதைப் பொருத்திப் பார்த்தோம். எந்தக் கம்பெனிக் காருக்கு என்று கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தை ஓட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது கடையில் இரண்டு ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. மற்ற இரண்டும் கால் அங்குலம் தள்ளி நின்றன. "கால் அங்குலந்தானே தம்பி, அரம் வச்சு எடுத்துக்கலாம்" என்று அத்தை சொன்னபோது அப்பா பணப்பையைத் திறந்தார்.

இப்படிப்பட்டவரும் ஒரு தடவை சறுக்கினார். மாதிரியைக் கையில் எடுக்காமல் பொருள் வாங்கியது அந்த ஒரு தடவைதான். பூஸ்டரோடு வந்த, அதன் காற்றை இன்ஜினுக்கு இழுக்கும் ரப்பர் குழாய் நைந்துபோயிருந்தது. அந்த வாரம் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆள் பரிசோதனைக்கு வந்ததால் அத்தையால் நகர முடியவில்லை. அளவைப் போனில் சொல்லிப் பார்சலில் வரவழைத்தார். பிரித்துப் பார்த்தால், என் ஒரு விரல் நுழையவேண்டிய குழாய்க்குள் இரண்டு விரல்கள் சேர்ந்து போய் வந்தன. அப்பா கடைக்காரரைத் திட்டிக்கொண்டே அளவுச் சீட்டைப் பார்த்தார். கடைக்காரர் சீட்டில் இருந்தபடிதான் அனுப்பியிருந்தார். அத்தை பழைய குழாயை எப்படி அளந்தார் என்று அம்மா செய்து காட்டினார்: மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் தட்டையாக அழுத்தி, குறுக்கே இஞ்ச் டேப்பை வைத்தாராம். தட்டையானால் குழாயின் அகலம் ஒன்றரை மடங்காகிவிடும். வட்டமாகத் தைக்கிற எதையும் படுக்க வைத்து அளப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். பனியனின் மார்பளவை அப்படித்தான் எடுப்பார்கள். குழல் குழலாக மெஷினில் இறங்கும் துணியையும் அப்படித்தான் அளப்பார்கள். அப்பா மூன்று நாள் சிரித்தார். அம்மா அடுப்படியில் நினைத்து நினைத்துச் சிரித்தார். அத்தை மட்டும் அந்தக் குழாயை மறுபடி மேசைமேல் வைத்துத் தட்டையாக அழுத்திப் பார்த்தார்.

"பனியனா இருந்திருந்தா சரியா இருந்திருக்கும்" என்றார் கடைசியில். தோட்டத்துக்குத் தண்ணீர் விட அந்தக் குழாய் வெகுநாள் உழைத்தது.

சரியான குழாய் வந்து எல்லாவற்றையும் மாட்டி, கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் முதல் தடவை அத்தை பொத்தானை அழுத்தினார். கிளட்ச் உள்ளே போனது. கியர் விழுந்தது. பொத்தானை விட்டதும் கார் தவளையாகத் துள்ளி அணைந்தது. பத்துத் தடவை முயன்றதில் பத்துத் தடவையும் துள்ளியது. இழுத்துப் பிடித்த காற்று ஒரே மூச்சில் விட்டுவிடுகிறது என்று அப்பா சொன்னார். காலால் மிதிக்கிறவர்கள் மெல்ல மெல்ல விடுவார்கள். அந்த மெல்ல என்பதை எங்கே போய் வாங்குவது? அட்டையில் கடைசியாக ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதில் என்ன பொருள் என்று எழுதக்கூட அத்தைக்குத் தெரியவில்லை. மூன்று வாரம் அவர் உக்கடம் போகவில்லை. அப்பா எப்போதும்போலக் காலையில் மொபெட்டின் பின்சீட்டைத் துடைத்து வைத்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அத்தை அழவில்லை என்பதால் நானும் அடக்கிக்கொண்டேன்.

அந்தப் பொருளும் இஸ்திரி மேசைப் பக்கத்திலேயே இருந்தது. நீராவி இஸ்திரிப் பெட்டி ஒன்று பழுதாகி ஓரத்தில் கிடந்தது. நீராவியைக் கூட்டிக் குறைக்க அதில் பித்தளைத் திருகு ஒன்று இருக்கும். கால் சுற்றுத் திறந்தால் கொஞ்சமாக வரும். முழுக்கத் திறந்தால் பாயும். அத்தை அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதிப் பார்த்தாராம், அத்தனை தையல்காரர்களும் பார்க்க. பூஸ்டருக்குள் காற்று திரும்பி நுழையும் வழியில் இதை வைத்துக் கால் சுற்று மட்டும் திறந்தால் கிளட்சும் மெல்ல மெல்ல விடும். காரின் குழாயோடு அதன் மரை சேரவில்லை. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் இரண்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு கடைந்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தை பொத்தானை விட்டபோது கார் துள்ளவில்லை. கட்டிலிலிருந்து எழுந்திருக்கும் பெரியவரைப் போல நிதானமாக நகர்ந்தது. அப்பா பக்கத்தில் கைப்பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் அதை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் இரண்டு மாதம் ஞாயிறுதோறும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக் கொடுத்தார். லைசென்ஸுக்காகப் பரிசோதிக்க வந்த அதிகாரி காருக்கு அடியில் குனிந்து பார்த்தார், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார், அத்தை எடுத்தார். எந்தக் கம்பெனியில் இதைச் செய்தீர்கள் என்று அவர் கேட்டபோது அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கக்காதானுங்க" என்றார்.

லைசென்ஸ் வந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, கொமரலிங்கத்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவாயிற்று. அம்மா விடியற்காலையிலேயே இட்லி அவித்துக் கட்டிவிட்டார். காருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றினார்கள். நான் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அம்மா இட்லிப் பாத்திரத்தோடு பின்னால் ஏறினார். அப்பா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார்.

அத்தை கைத்தடியைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"எல்லாரும் கொஞ்சம் எறங்குங்க சாமி. நா ஒருக்கா போயிட்டு வந்தர்றேன்."

தனியாகவா என்று அம்மா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அத்தை என் கன்னத்தைத் தட்டினார். அதற்கு அர்த்தம் நானும் இறங்க வேண்டும் என்பது. இறங்கினேன். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் தெரு முனையில் திரும்பி மறைந்தது.

பின்னாலேயே மொபெட்டை எடுத்துக்கொண்டு போகும்படி அம்மா அப்பாவை அவசரப்படுத்தினார். அப்பா மொபெட்டை ஸ்டார்ட் செய்தார். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு அணைத்துவிட்டார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மை ஏற்றாமல் போய்விட்டார் என்ற கோபத்தில் அப்பாவும் அழுகிறார் என்று நினைத்து, நானும் அவர் பக்கத்தில் நின்று நன்றாக அழுதேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அத்தை வந்தார். முகமெல்லாம் வேர்வை. மாலை பாதி உதிர்ந்திருந்தது. எங்கே போனீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, சும்மா ரோட்டில்தான் என்றார். பிறகு எல்லோரும் ஏறிக் கொமரலிங்கம் போனோம். வழியெல்லாம் நான் அத்தையோடு பேசவில்லை. அதற்கடுத்து மூன்று நாளும் பேசவில்லை. வெயிலில் கடை கடையாக அட்டையைச் சுமந்தவள் நான், முதல் சவாரி எனக்கு இல்லையென்றால் இது என்ன நியாயம் என்று கறுவிக்கொண்டே இருந்தேன். இத்தனை தந்திரம் தெரிந்த அத்தைக்கு நன்றி மட்டும் தெரியவில்லை என்று என் தோழியிடம் சொன்னதாகவும் ஞாபகம்.

அத்தைக்கு அப்போது நாற்பத்தொரு வயது. யாருடைய முதுகையும் தோளையும் பிடிக்காமல், யாரும் கூட வராமல், அதுவரை அவர் எங்கள் தெரு முனையைக்கூடத் தாண்டியதில்லை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் அவர் அத்தனை கடை ஏறி இறங்கினார் என்பது மட்டும் அப்போது எனக்குப் புரியவில்லை.